கெட்ட வார்த்தை சொன்னவர்கள்: ‘தி கைடு’ நாவலைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வாசித்தல்

2020 மார்ச்சில், ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று ரெண்டு செட் துணிதான் கொண்டுவந்திருந்தேன். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. பஸ் ஓடாதபோது அந்தக் கடைக்கும் வேலையில்லை. நான் உள்ளறையில் மீட்டிங்கில் இருக்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் நான் டீ குடிக்க வெளியே வந்தபோது கேட்டார்.

“தம்பி, ஸ்டேஷன் வந்துச்சுன்னா அங்க ஒரு கடை பாத்துரலாமா?”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் சின்னசேலம் என்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர். அந்தப் பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு கிளைப் பாதை போட்டு எங்கள் ஊரையும் ரயில் வரைபடத்தில் சேர்ப்பது என்று முடிவானபோது நான் இன்ஜினியரிங் சேர்ந்த புதுசு. நான் படித்து முடித்து, மூன்று கம்பெனி மாறி, தலையில் நரை விழ ஆரம்பித்துவிட்டது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆகிவிட்டது. ரயில் மட்டும் பேச்சிலேயே இருந்தது. ‘ரயில் வந்தா ஊருக்கு வேல வரும்’ என்பதைச் சலூனில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். என்ன வேலை, யாருக்கு வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்பாவிடம் “வரட்டும்ப்பா, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்று இரவு, கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ‘தி கைடு’ நாவலைத் தேடி எடுத்தேன். ஒரு சின்ன ஊருக்கு ரயில் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்கிறது என்று அதில் படித்த ஞாபகம். ஞாபகம் சரிதான். ஆனால் முதல் வாசிப்பில் ரோசி, காதல், ஜெயில், கடைசியில் சாமியார் என்றுதான் மனதில் நின்றிருந்தது. அப்பாவின் கேள்வியோடு படித்தபோது அது வேறு நாவலாக இருந்தது.

*

1958இல் வெளிவந்த இந்த நாவலுக்கு 1960இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதினாலும் ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். மால்குடி என்ற ஊரே அவர் மனதில் முதலில் ஒரு ரயில் நிலையமாகத்தான் தோன்றியது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் அந்த நிலையம் எப்படி உருவானது என்பதைத் தன் எட்டாவது நாவலில்தான் சொல்கிறார். விஜய் ஆனந்த் இயக்கி தேவ் ஆனந்த் நடித்த இந்திப் படத்தில் (1965) கதை உதய்பூருக்குப் போய்விட்டது. படம் பார்த்து மட்டும் ‘கைடு’ தெரிந்தவர்களுக்கு மால்குடியில் ரயில் வந்த கதை தெரியாது.

ராஜுவின் அப்பா சாலையோரக் குடிசையில் கடை வைத்திருக்கிறார். வண்டிக்காரர்களும் விவசாயிகளும் அங்கே நின்று புகையிலையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். மழை, விளைச்சல், கோர்ட் வழக்கு என்று ராத்திரி வரை பேச்சு. ஒரு நாள் எதிரே லாரிகள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மலை எழும்புகிறது. பிறகு தண்டவாளம், நிலையம், கொடி, பேண்டு வாத்தியம், முதல் ரயில். அப்பாவுக்கு பிளாட்பாரத்திலேயே கடை கிடைக்கிறது.

இங்கேதான் நான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அப்பாவுக்கு பிளாட்பாரக் கடை பிடிக்கவில்லை. சிமென்ட் போட்ட, அலமாரி வைத்த கடையில் அவருக்குக் கை கால் ஓடவில்லை. அவருடைய சரக்கு அந்த அலமாரியில் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும் குடிசைக்கே திரும்பிவிடுகிறார். கையில் காசு சேர்ந்ததும் ஒரு குதிரையும் ஜட்காவும் வாங்குகிறார். வீட்டில் சண்டை. ஜட்காவால் சல்லிக் காசு லாபமில்லை. குதிரையைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அவரை ஏமாற்றுகிறான். ரயில் தந்த செழிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும் ஒரு சின்ன வியாபாரியை நாராயண் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். பொருளாதாரப் புத்தகங்களில் ‘வளர்ச்சி’ என்று எழுதுகிறார்களே, அது ஒரு பெட்டிக்கடைக்காரரின் உடம்பில் எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பக்கங்களை நான் படித்ததில்லை.

அப்பா இறந்த பிறகு ராஜு கடையைப் பிடித்துக்கொள்கிறான். பழமும் பிஸ்கட்டும் சிகரெட்டும் போதாதென்று பழைய பத்திரிகை, பள்ளிப் புத்தகம் எல்லாம் சேர்க்கிறான். ரயில் நிற்கும் சில நிமிடங்களில் இறங்குபவர்கள் வழி கேட்கிறார்கள். அருவி எங்கே, கோயில் எங்கே, மலைக்கு எப்படிப் போவது? அவனுக்குத் தெரியாது. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்ல அவனால் முடியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறான். அடுத்த தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னும் நன்றாகப் பேசுகிறான். ‘ரயில்வே ராஜு’ என்ற பெயர் ஊர் தாண்டிப் போகிறது. வாடகைக் கார் ஓட்டும் கஃபூர், நிலையத்துப் போர்ட்டர், போர்ட்டரின் மகன், மலை மேல் தங்கும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப் என்று ஒரு வட்டமே அந்த ரயிலைச் சுற்றிப் பிழைக்கிறது. இவர்களில் போர்ட்டரைத் தவிர வேறு யாரும் ரயிலுக்கு வேலை செய்பவர்கள் அல்ல. அவருக்கும் கூலி தருவது பயணிகள்தான்.

எங்கள் பக்கம் மூன்று சொற்கள் உண்டு. ‘வேல’, ‘கூலி’, ‘பொழப்பு’. வேலை என்றால் மாசச் சம்பளம், பி.எஃப்., ரிடையர்மென்ட். கூலி என்றால் அன்றைக்கு உழைத்து அன்றைக்கு வாங்குவது. பொழப்பு என்றால் நாலு பேர் வந்து போகும் இடத்தில் நின்று எதையாவது செய்து சாப்பிடுவது. “அவன் என்ன வேல பாக்குறான்?” என்று கேட்டால் “வேலயெல்லாம் ஒண்ணும் இல்ல, ஏதோ பொழப்பு ஓடுது” என்று பதில் வரும். ரயில் ஒரு சின்ன ஊருக்குத் தருவது பெரும்பாலும் மூன்றாவதைத்தான் என்பதை நாராயண் கண்டுகொண்டார். நிலையத்துக்குள் நாலைந்து பேருக்கு உத்தியோகம் இருக்கும். நிலையத்து வாசலில் நானூறு பேருக்குப் பொழப்பு இருக்கும். ‘தி கைடு’ இந்த நானூறு பேரின் நாவல்.

அதோடு அவர் நிற்கவில்லை. பொழப்பு ஒரு ஆளை என்னவாக ஆக்கும் என்றும் பார்க்கிறார். கடந்து போகிறவரை நம்பிப் பிழைப்பவன், அவர் முகத்தைப் பார்த்து அவருக்கு வேண்டியதைச் சொல்லக் கற்றுக்கொள்கிறான். கடைக்காரன் கைடு ஆவதும், கைடு ரோசியின் மேனேஜர் ஆவதும், ஜெயிலிலிருந்து வந்தவன் சாமியார் ஆவதும் ஒரே திறமையின் வெவ்வேறு வேஷங்கள். கடைசியில் மழைக்காக அவன் உண்ணாவிரதம் இருக்க, ஊர் ஊராகக் கூட்டம் வந்து குவிகிறது. ஆற்றங்கரையில் கடைகள் முளைக்கின்றன, தேநீர் விளம்பரக்காரர்கள்கூட ஸ்டால் போடுகிறார்கள். ராஜு தன் பிளாட்பாரத்தைவிட்டு எங்கேயும் போகவில்லை. இப்போது அவனே அங்கே விற்கப்படும் சரக்கு.

சர்வீஸ் கம்பெனியில் பத்து வருஷம் கிளையன்ட் முன்னால் ‘முடியாது’ என்ற வார்த்தையைச் சொல்லாமல் காலம் தள்ளிய எனக்கு, ராஜுவைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை இல்லை.

*

ஊரடங்கின் இரண்டாவது மாதம். சித்தப்பா தினமும் சாயங்காலம் வந்து அப்பாவோடு உட்காருவார். ஒரு நாள் இந்தக் கதையை அவர்கள் இருவருக்கும் சொன்னேன். ஜட்கா வாங்கிய இடத்தில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. நான் நடுவில் ஒரு சின்ன விஷயம் சொல்லியிருந்தேன். மண் கொட்டி வேலை நடக்கும்போது சின்னப் பையன் ராஜு அந்த மண்மேட்டிலேயே விளையாடிக் கிடக்கிறான். அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுவதைக் கேட்டு ஒரு கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் அதை எடுத்துவிடுகிறான். அப்பா அதிர்ந்துபோய், இவனை இப்படியே விட்டால் கெட்டுவிடுவான் என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

சித்தப்பா இதைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பையன் கெட்ட வார்த்த கத்துக்கிட்டான்னு சொன்னியே. அந்த ஆளுங்க அத யாரப் பாத்து சொன்னாங்கன்னு எழுதியிருக்காரா?”

“இல்ல சித்தப்பா.”

“எழுதியிருக்க மாட்டாங்க. மேஸ்திரியப் பாத்துதான் சொல்லியிருப்பாங்க. அவன் அந்தப் பக்கம் திரும்பினப்புறம்.”

அவருக்குத் தெரியும். சேலம் - விருத்தாசலம் மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றிய சமயத்தில் சித்தப்பா அதில் வேலை செய்தார். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. மண் சுமப்பது, பழைய சிலிப்பர் கட்டைகளைப் பெயர்ப்பது, ஜல்லி கொட்டுவது, கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்குவது. வெயிலில் இரும்பு தொட முடியாது, அதனால் கையில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக்கொள்வார்களாம். பாதை முடிந்தது, வேலையும் முடிந்தது. எங்கேயும் அவர் பெயர் எழுதப்படவில்லை. என் முதல் வருஷக் காலேஜ் ஃபீஸில் ஒரு பங்கு அந்தக் கூலியிலிருந்து வந்தது.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். சித்தப்பா சொன்னது சரி. மால்குடிக்கு ரயில் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கே படுத்தார்கள், என்ன கூலி, பாதை போட்டு முடிந்ததும் எங்கே போனார்கள் என்று ஒரு வரி இல்லை. குதிரைக்காரனுக்குக்கூடக் கதை இருக்கிறது. மண் சுமந்தவர்கள் நாவலில் விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தை மட்டும்தான்.

இது நாராயணின் குறையா? உடனே ஆமாம் என்று சொல்லிவிடலாம். சமூக வலைத்தளத்தில் நாலு வரியில் எழுதி லைக்கும் வாங்கலாம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், அந்த வார்த்தையை அங்கே வைத்தவரும் அவர்தானே? வேண்டாமென்று நினைத்திருந்தால் ராஜுவை நேராகப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம். பள்ளிக்கூடமே அந்த மண்மேட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்து இழுத்துவரக் கிடைத்த வழி என்று காட்டுகிறார். அப்பாவைப் பொறுத்தவரை ரயில் நல்லது, ரயில் போடுகிறவர்கள் ஆபத்து. ராஜு அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் மண்மேட்டுக்காரர்கள் வருவதே இல்லை. சொல்வது ராஜு, அவனுக்குத் தெரிந்ததைத்தான் அவன் சொல்வான். நாவலின் இந்த மௌனம் ராஜுவின் மௌனம் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனாலும் ராஜுவைச் சுற்றி எழுதப்பட்ட எத்தனையோ விமர்சனங்களும் அந்த மேட்டில் ஏறிப் பார்க்கவில்லை. நானும் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். சித்தப்பா புத்தகத்தைத் தொடாமலேயே நின்ற இடம் அது.

*

அந்த மேட்டில் நிற்பவர்களின் கதை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். கோர்ட் தீர்ப்புகளில் இருந்தது.

புதிய பாதை, இரட்டைப் பாதை, கேஜ் மாற்றம் போன்றவற்றை ரயில்வே ‘திட்டம்’ என்று பிரித்து, அதற்கென்று தற்காலிகக் கூலிகளை எடுத்துவந்தது. ஒரு திட்டம் முடிந்தால் ஆளை நிறுத்திவிடலாம். வருஷக்கணக்காகத் தண்டவாளம் போட்டவருக்கும் ரயில்வே ஊழியர் என்ற பெயர் இல்லை. 1985இல் இந்தர் பால் யாதவ் வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது. தொடர்ந்து 360 நாள் வேலை செய்த திட்டக் கூலிகளைப் படிப்படியாகத் தற்காலிக ஊழியர்களாக ஏற்பதற்கான ஏற்பாட்டுக்கு அந்தத் தீர்ப்பு வழிசெய்தது. கூலி என்ற சொல்லிலிருந்து வேலை என்ற சொல்லுக்குப் போக 360 நாள் என்று ஒரு பாலம் இருந்தது. சித்தப்பா காலத்தில் ரயில்வேக்கும் அவருக்கும் நடுவில் ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். நாள் எண்ண ஒரு வருகைப் பதிவேடே அவர் கண்ணில் பட்டதில்லை.

சித்தப்பா மகன் டிப்ளமோ முடித்தவன். 2019இல் ரயில்வே 1,03,769 ‘லெவல் ஒன்’ இடங்களுக்கு அறிவிப்பு கொடுத்தபோது அவனும் விண்ணப்பித்தான். நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். தேர்வு நடந்தது 2022இல். அந்த இடங்களில் பாதைப் பராமரிப்பாளர் பணியும் ஒன்று. அதாவது, ஜல்லியைக் குத்தி இறுக்கி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பன் எந்தப் பரீட்சையும் எழுதாமல் கூலிக்குச் செய்ததை, மகன் வேலையாகச் செய்ய ஒரு கோடிப் பேரோடு போட்டி போட வேண்டும். அவனுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருக்கிறான்.

ரயில் உண்மையாகவே வேலை தந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நாகப்பட்டினத்தைச் சொல்லலாம். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை அங்கேதான் இருந்தது. ஒரு தலைமுறைக்கும் மேல் அந்த ஊர் பணிமனைச் சங்குக்கு எழுந்தது. 1920களின் கடைசியில் பணிமனை திருச்சியை ஒட்டிய பொன்மலைக்குப் போனது. ஆட்குறைப்பும் கூடவே வந்தது. 1928இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள், வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. பொன்மலை வளர்ந்தது, நாகை பணிமனையை இழந்தது. ரயில் வேலை கொடுத்தது என்று ஒரு ஊர் சொல்லும்போது, எந்த ஊரிடமிருந்து எடுத்து என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பொன்மலையிலும் அந்த வேலை சும்மா நிலைக்கவில்லை. 1946 செப்டம்பரில் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

நம் எழுத்தில் இதெல்லாம் எவ்வளவு வந்திருக்கிறது? அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ரயில்வே ஊழியரின் குடும்பத்திலிருந்து ஐதராபாத்தைப் பார்க்கிறது. அங்கே ரயில்வே என்பது குவார்ட்டர்ஸ், அக்கம்பக்கம், ஒரு பாதுகாப்பு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நேர் எதிர்த் திசை. ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே நானூறு கிலோமீட்டருக்கும் மேல் போட்ட பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்ததைச் சொல்வது. இந்த இரண்டுக்கும் நடுவில், சாதாரண நாளில், சாதாரணக் கூலிக்கு, சாதாரணப் பாதை போட்டவர்களுக்குத் தமிழில் ஒரு பெரிய நாவலை எனக்குக் காட்டத் தெரியவில்லை. சினிமாவிலும் பெரும்பாலும் ரயில் என்றால் ஜன்னலோரம், பிரிவு, கையசைப்பு.

முடியாத காரியமா என்றால், இல்லை. எங்கள் நடுநாட்டிலேயே கண்மணி குணசேகரன் செய்திருக்கிறார், சாலையை வைத்து. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்த அவர் எழுதிய ‘நெடுஞ்சாலை’, பஸ்ஸை ஓட்டுகிற, டிக்கெட் கிழிக்கிற, பழுது பார்க்கிற தற்காலிகப் பணியாளர்களின் நாவல். அதைப் படித்த பிறகு டிப்போவைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்க்காமல் போக முடிவதில்லை. ‘தி கைடு’ ரயிலடிக்குச் செய்யாததை ‘நெடுஞ்சாலை’ பஸ்ஸுக்குச் செய்தது. நாராயணிடம் இருக்கும் இலகுவும் சிரிப்பும் அதில் வேறு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே கெட்ட வார்த்தை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று வாசகனுக்குத் தெரியும்.

*

இன்னொரு மேடும் இருக்கிறது. ‘தி கைடு’ நாவலில் மேம்பி மலை வருகிறது. ரோசியின் கணவன் மார்கோ குகை ஓவியம் ஆராயப் போகும் இடம். உச்சியில் கண்ணாடி பதித்த விடுதி, இரவில் விலங்குகள், காலையில் பனி. மலையைப் பார்த்துக்கொள்ள ஜோசப் ஒருவர். மற்றபடி அந்த மலை ஆளில்லாத காட்சி. ராஜுவுக்கு அது கூட்டிப்போய்க் காட்டும் இடம், அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். எங்கள் பள்ளிச் சுற்றுலா கோமுகி அணைக்கு. கொஞ்சம் வளர்ந்ததும் நண்பர்களோடு மேகம் அருவிக்கு. எனக்கும் அது பல வருஷம் மேம்பி மலையாகத்தான் இருந்தது. சந்தைக்குக் கடுக்காயும் புளியும் கொண்டுவருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது தெரியும், யோசித்ததில்லை. அது மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்ததை மலையில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் சொன்ன மூன்று சொற்களுக்கு முன்னால் நாலாவதாக ஒரு சொல் இருந்தது, ‘வெட்டி’.

அந்த மலைக்காரர்களுக்கு ரயில் என்ன தரும்? நிலையத்து வாசலில் கடை போட அவர்களிடம் முதல் கிடையாது. பரீட்சை எழுத அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்பது வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி கேரளத்துத் தோட்டங்களுக்கும் கோவை, பெங்களூர் கட்டட வேலைக்கும் மூட்டையோடு போகிறவர்கள் பஸ் மாறி பஸ் மாறிப் போகிறார்கள். ரயில் வந்தால் அவர்களுக்குப் பயணம் கொஞ்சம் மலிவாகும். ஊருக்கு வேலையைக் கொண்டுவரும் என்று நாம் சொல்லும் ரயில், மலைக்காரர்களை ஊரைவிட்டு வேலைக்கு ஏற்றிப்போகும். அதுவும் உதவிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2024 ஜூனில் எங்கள் ஊர்ப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் தினக்கூலிகள். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ரோடு, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பேச்சு வந்தது. அந்த வாரம் ஆபீஸில் ஒருவர் “உங்க ஊரா அது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அங்க வேலையே கிடையாதா?” என்று அடுத்த கேள்வி. அப்போதும் எனக்கு இந்த மூன்று சொற்கள்தான் ஞாபகம் வந்தன. கூலி இருக்கிறது, பொழப்பு இருக்கிறது. அவர் கேட்டது வேலையை.

*

‘தி கைடு’ எனக்கு இன்னும் பிடித்த நாவல்தான். ரயில் வந்தால் எல்லாம் மாறும் என்று நம்புகிறவருக்கும், ஒன்றும் மாறாது என்று உதட்டைப் பிதுக்குகிறவருக்கும் அதைக் கொடுப்பேன். ரயில் நிறையவே மாற்றும். குடிசைக்கடைக்காரரை ஜட்கா வாங்க வைக்கும், அவர் மகனுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தரும். கடனும் வரும். ஒரு நாள் கடையையே வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ராஜுவின் கடை அப்படித்தான் கை மாறுகிறது. ரயிலடிப் பொழப்பு எவ்வளவு இனிப்பு, எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை. ஆனால் முதல் ரயில் வந்து நிற்கும் பக்கத்தோடு அதைத் தொடங்காதீர்கள். பையன் மண்மேட்டில் விளையாடும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே நாவல் தன் பிடிக்குள் அடங்காத ஆட்களைக் காட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறது.

அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும். பாதை மாற்றும் வேலை நடந்தபோது ஒரு முறை சித்தப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு சின்னசேலம் போனேன். “வந்தமா, குடுத்தமான்னு கெளம்பு. இங்கெல்லாம் நிக்காத, போய்ப் படி” என்று அவரே விரட்டினார். நான் போய்ப் படித்தேன்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஸ்டேஷன் எந்த இடத்தில் வரும், பிளாட்பாரக் கடை டெண்டரில் பெரிய ஆட்கள்தானே எடுப்பார்கள், வாசலில் ஒரு இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பழைய நோட்டிலேயே எழுதிப் பார்த்தோம். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அப்பா நோட்டை மூடிவிட்டு அவரிடம் திரும்பினார்.

“நீ என்னடா சொல்ற?”

“வையி. ஆனா பாதைல வேல செய்யுறவனுங்க வந்தா டீக்குக் கணக்கு எழுதாத. அவனுங்களுக்குக் கூலி சனிக்கெழமதான் வரும், அதுவும் முழுசா வராது. இருக்கிறப்ப குடுப்பானுங்க.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் திரும்பத் திறந்து, கணக்கில் ஒரு வரியை அடித்தார்.